ஏர் பூட்டிய மாட்டைப் பட்டினி போடாதீர்கள்

போன மாதம் திருச்சியில் என் தங்கை வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மொட்டைமாடியில் தடதடவென்று சத்தம். ஏறிப் போய்ப் பார்த்தால் தங்கை மகள். துளசித் தொட்டியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அதில் ஒருவர் சொல்லச் சொல்லக் குதித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தாள், தரையில் கையூன்றினாள், காலைப் பின்னால் வீசினாள், எழுந்து துள்ளினாள், மறுபடி உட்கார்ந்தாள். இருபத்தைந்து நிமிடம் ஆகியிருக்கும். சட்டென்று நின்றாள். தண்ணீர்த் தொட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. கையைத் தொட்டேன், வியர்வையில் நனைந்து சில்லிட்டிருந்தது.

"ஒண்ணுமில்ல பெரிம்மா, லேசா கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. தினமும் வர்றதுதான்" என்றாள்.

தினமும் வருவதுதான் என்று அவள் சொன்னாளே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கீழே கூட்டிவந்து ஒரு வாழைப்பழமும் உப்புப் போட்ட மோரும் கொடுத்தேன். கொஞ்சம் தெளிந்ததும் பெருமையோடு தன் நோட்டைக் காட்டினாள். இடப்பக்கத்தில் சாப்பாடு. காலை: வெந்நீரில் எலுமிச்சை. பதினோரு மணி: ஒரு ஆப்பிள். மதியம்: வெள்ளரிக்காய், கேரட், ஒரு தம்ளர் மோர். இரவு: காய்கறி சூப், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். 400 கலோரி தேறாது. வலப்பக்கத்தில் பயிற்சி: நாளுக்கு அரை மணி நேரம், வாரம் ஆறு நாள், மூச்சு வாங்க வாங்க. கீழே சிவப்பு மையில் வட்டமிட்டு எழுதியிருந்தாள்: மூன்று வாரம், நான்கு கிலோ.

அவளுக்கு எடை குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வயது 34, உயரம் 157 செ.மீ., எடை 72 கிலோ. அவள் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு இடுப்பில் சேரும் கொழுப்பு சீக்கிரமே சர்க்கரையாகவும் இரத்தக் கொதிப்பாகவும் திரும்பும் என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஜிம்முக்குப் போகப் பணமும் நேரமும் இல்லாமல், பிள்ளை எழுவதற்குமுன் மாடிக்குப் போய் உழைக்கிறாளே, அந்த வைராக்கியத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அந்த வைராக்கியத்தை அவள் தன் உடம்பின் மீதே ஏவிவிட்டாள்.

என் அப்பா உழவர். ஐப்பசியில் ஏர் பூட்டும் நாட்கள் வந்தால் வீட்டில் எங்களுக்கு எது குறைந்தாலும் மாட்டுக்குக் குறையாது. முதல் நாள் இரவே பருத்திக்கொட்டை ஊறும். தவிடும் புண்ணாக்கும் தொட்டியில் கரையும். வேலையில்லாத கோடையில் வைக்கோல் மட்டும் போட்டாலும் போடுவாரே தவிர, உழவு நாளில் தீவனத்தைக் குறைத்ததை நான் பார்த்ததில்லை. வாயில்லாப் பிராணியை வேலையும் வாங்கிப் பட்டினியும் போடுவது பாவம் என்பார். அந்த மாட்டுக்குக் காட்டிய நியாயத்தை நாம் ஏன் நம் உடம்புக்குக் காட்டுவதில்லை? அதுவும் வாயில்லாப் பிராணிதான். கண் இருட்டுவதும் கை சில்லிடுவதும் முடி கொட்டுவதும் அது பேசும் பேச்சு.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். போரினால் பட்டினியில் விழுந்த மக்களைத் திரும்ப எப்படித் தேற்றுவது என்று அறிவதே நோக்கம். மனசாட்சி இடம் தராததால் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். நாளுக்கு ஏறக்குறைய 3,200 கலோரி சாப்பிட்டுவந்த அந்த வாலிபர்களுக்கு 1945 பிப்ரவரி முதல் 24 வாரங்களுக்கு அதில் பாதி, அதாவது 1,570 கலோரி அளவில்தான் உணவு. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். ஆறு மாதத்துக்குள் உடல் எடையில் கால் பங்கு போய்விட்டது. எடை மட்டுமா போயிற்று? நாடித்துடிப்பு இறங்கியது. கோடையிலும் குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டார்கள். காலில் நீர் கோத்தது. சிரிப்பு போயிற்று, பிறரோடு பழகும் ஆசை போயிற்று. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள். சோதனை முடிந்து வேண்டிய அளவு சாப்பாடு கிடைத்த பிறகும் பலருக்குப் பல மாதம் பசி அடங்கவில்லை. வயிறு முட்டிய பிறகும் மனம் சோற்றையே சுற்றியது. திரும்பி வந்த எடையில் கொழுப்பே முந்திக்கொண்டு வந்தது.

மனவுறுதியில் குறைந்தவர்களா அவர்கள்? நாடே எதிர்த்து நின்றபோதும் கொள்கையை விடாதவர்கள். அவர்களையே பட்டினி அந்தப் பாடு படுத்தியது என்றால், பகலெல்லாம் வெள்ளரிக்காயைத் தின்றுவிட்டு இரவு பதினோரு மணிக்குப் பிரிட்ஜைத் திறந்து, பிள்ளைக்கு வாங்கிய பிஸ்கட்டை நின்றபடியே தின்று தீர்த்துவிட்டு அழுகிறீர்களே, அது உங்கள் குணக்கேடு இல்லை. பட்டினி கிடக்கும் உடம்பு உயிர் பிழைக்கச் செய்யும் வேலை அது. அதற்காக மறுநாள் இன்னும் குறைத்துச் சாப்பிட்டுத் தன்னைத் தண்டித்துக்கொள்வதுதான் குற்றம்.

இந்தச் சோதனையின் எண்ணில் நம் எல்லாருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அந்த ஆண்களுக்கு 1,570 கலோரி பட்டினி. என் தங்கை மகளுக்கு ஏறக்குறைய அதே அளவு போதுமான சாப்பாடு. எண் ஒன்றுதான், உடம்பு வேறு. ஆகவே எடை குறைத்த தோழி எவ்வளவு சாப்பிட்டாள், நடிகை என்ன சாப்பிடுகிறார், போனில் வந்த அட்டவணையில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று கேட்டு நடப்பதை விடுங்கள். அடுத்தவர் செருப்பு நம் காலைக் கடிக்கும். உங்கள் அளவை நீங்களே கணக்கிடுங்கள்.

கணக்கு கடினமில்லை. 1990இல் வெளியான ஒரு சூத்திரத்தை உணவியல் நிபுணர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். எடையைக் கிலோவில் எடுத்து 10ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் செ.மீ.யில் எடுத்து 6.25ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். பெண்ணானால் இன்னும் 161ஐக் கழிக்க வேண்டும். ஆணானால் 5ஐக் கூட்ட வேண்டும். என் தங்கை மகளுக்கு 720உம் 981உம் கூட்டி, 170உம் 161உம் கழித்தால் 1,370. நாள் முழுவதும் அசையாமல் படுத்துக் கிடந்தாலும் இதயம் துடிக்க, மூச்சு ஓட, மூளை வேலை செய்ய உடம்பு கேட்கும் கூலி இது. வீட்டில் நடமாடுவதற்கும் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்வதற்கும் சேர்த்து இதை 1.2ஆல் பெருக்கினால் 1,640 சொச்சம். அரை மணி நேரக் கடும் பயிற்சிக்கு ஒரு 250. ஆக அவளுடைய நாள் செலவு 1,900. அவள் கொடுத்தது 400. ஐந்து ரூபாய் வேலை வாங்கிக்கொண்டு ஒரு ரூபாய் கொடுக்கும் முதலாளியை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்?

அந்த 1,900இல் 300 முதல் 400 வரை குறைக்கலாம். அதாவது அவள் 1,500 முதல் 1,600 வரை சாப்பிட வேண்டும். பருத்த உடம்புள்ள ஆண்கள் 500 வரை குறைக்கலாம். படுத்துக் கிடந்தாலும் வேண்டிய அந்த முதல் எண்ணுக்குக் கீழே யாரும் தாமாகப் போக வேண்டாம். நாளுக்கு 800 கலோரிக்குக் குறைந்த உணவுமுறை மருத்துவர் பக்கத்தில் இருந்து இரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து நடத்த வேண்டிய சிகிச்சை. மொட்டைமாடியில் தனியாகச் செய்கிற காரியம் இல்லை.

இவ்வளவு சாப்பிட்டால் எடை எப்போது குறையும் என்று கேட்பீர்கள். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. நாளுக்கு 300, 400 குறைந்தால் வாரத்துக்கு 300 கிராம் அளவில் கரையும். மாதத்துக்கு ஒன்றேகால் கிலோ. ஆறு மாதத்தில் ஏழு கிலோ. எடை குறையக் குறைய வேகம் சற்றுத் தணியும், ஆனாலும் 72 கிலோவில் ஏழு கிலோ என்றால் பத்தில் ஒரு பங்கு. நூற்றுக்கு 5 பங்கு குறைந்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும் என்பது மருத்துவம் கண்ட உண்மை.

பத்து நாளில் ஐந்து கிலோ என்று ஆசை காட்டுகிறவர்களிடம் இதே கணக்கைக் கேளுங்கள். ஐந்து கிலோ கொழுப்புக்கு 38,500 கலோரி. பத்து நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 3,850. நாளெல்லாம் சேர்த்தே 1,900 செலவழிக்கும் பெண் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாலும் அது நடக்காது. அப்படியானால் அந்த எடைத் தராசில் இறங்குவது எது? முதலில் நீர். கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைத்த சர்க்கரை தீரும்போது, அது பிடித்து வைத்திருந்த தண்ணீரும் கூடவே வெளியேறுகிறது. அடுத்தது தசை. குதித்துக் குதித்து எந்தத் தசையை வளர்க்க நினைத்தீர்களோ, அதையே அரித்துத் தின்று உடம்பு நாளை ஓட்டுகிறது. சிவப்பு மையில் வட்டமிட்ட நான்கு கிலோவில் ஒரு பகுதி இப்படிப் போனதுதான்.

இனி அடுப்படிக்கு வருவோம். 1,600 கலோரி என்பது பட்டினி இல்லை, நம் சமையலிலேயே நிறைவாக அமையும். காலையில் மூன்று இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம், இரண்டு அவித்த முட்டை. பதினோரு மணிக்கு ஒரு கொய்யாப்பழம். மதியம் சோறு ஒரு கிண்ணம், 150 கிராம் அளவு. இரண்டு துண்டு மீனோடு குழம்பு, ஒரு கிண்ணம் கீரை, ஒரு பொரியல், கொஞ்சம் தயிர். மாலையில் கைநிறையக் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவு இரண்டு சப்பாத்தி, பருப்புக் கூட்டு, படுக்கும்முன் அரைத் தம்ளர் பால். சைவம் சாப்பிடுகிறவர்கள் முட்டைக்கும் மீனுக்கும் பதிலாகப் பனீர், சோயா, பாசிப்பயறு, கூடுதலாகத் தயிர் என்று சேர்த்துக்கொள்ளலாம். குறைக்க வேண்டியவை மூன்று: எண்ணெய், சர்க்கரை, பொழுதுபோகாமல் கொறிப்பது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு மூன்று வேளை காபி குடித்தால் சர்க்கரையிலேயே 120 கலோரி. வெட்ட வேண்டிய இடம் அது. சோற்றையும் முட்டையையும் வெட்டிவிட்டு எண்ணெயை விட்டுவைப்பது எந்த ஊர் நியாயம்?

இந்தச் சாப்பாட்டில் புரதம் 75 கிராமுக்குக் குறையாது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சாதாரணமாக இருப்பவர்களுக்கே எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு கடும் பயிற்சியும் செய்கிறவருக்கு அது போதாது. எட்ட நினைக்கும் எடையில் கிலோவுக்கு 1.2 கிராமாவது வேண்டும். தசையைக் காப்பாற்றுவது அதுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வெறும் வயிற்றில் குதிக்காதீர்கள். பயிற்சிக்கு அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழமோ அரைத் தம்ளர் கஞ்சியோ போதும். முடித்த ஒரு மணி நேரத்துக்குள் காலைச் சாப்பாடு. வெயில் காலத்தில் தண்ணீரோடு உப்பும் போய்விடுவதால் உப்புப் போட்ட மோர் குடியுங்கள். மூச்சிரைக்கும் பயிற்சி வாரத்தில் மூன்று நான்கு நாள் இருந்தால் போதும். மற்ற நாளில் நடங்கள். வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சி போதுமென்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. உறக்கத்தைத் திருடிப் பயிற்சி செய்யாதீர்கள்.

மறுபக்கத்துத் தவறையும் சொல்லியாக வேண்டும். அரை மணி நேரம் குதித்தாயிற்று, இனி எதையும் தின்னலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அந்த அரை மணி நேர உழைப்பை ஒரே ஒரு பரோட்டா ஈடுகட்டிவிடும். கையில் கட்டிய கடிகாரம் 600 கலோரி எரித்தாய் என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள். 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தபோது, கலோரிக் கணக்கில் இருப்பதிலேயே துல்லியமானதுகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது. திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் முதல் குறள் மிகுதியையும் குறைவையும் சேர்த்தே நோயின் வேராகச் சொல்கிறது. நாம் மிகுதியைப் பற்றிய எச்சரிக்கையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிட்டோம்.

மறந்ததற்கு ஒரு காரணமும் இருக்கிறது. நம் வீடுகளில் பெண்கள் கடைசியில் சாப்பிட்டார்கள். எல்லாரும் உண்ட பிறகு சட்டியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தின்றவளை நாம் நல்லவள் என்றோம். குறைத்துச் சாப்பிடுவதை ஒரு பெண்ணின் பெருமையாக்கிவிட்டோம். இன்று அதே பட்டினி டயட் என்ற பெயரில் திரும்பி வரும்போது, பழகிய விருந்தாளியைப் போல உள்ளே விட்டுவிடுகிறோம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை மிகுந்தவர்கள்; நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. இரண்டும் ஒரே உடம்பில் இருக்க முடியும், பலருக்கு இருக்கிறது. வெளியே பருத்தும் உள்ளே வறண்டும் இருக்கிற அந்த உடம்பை இன்னும் பட்டினி போட்டுக் குதிக்க வைத்தால் அது எதைக் கொண்டு தாங்கும்? பயிற்சி தொடங்கும்முன் ஒரு முறை இரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.

சில அறிகுறிகளைக் கண்டால் அன்றே பயிற்சியை நிறுத்துங்கள். தலைசுற்றல், படபடப்பு, பகலிலும் குளிர், உறக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், கொத்தாகக் கொட்டும் முடி. முடி உடனே கொட்டாது. பட்டினி கிடந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் சீப்பில் தெரியும். வயிற்றின் வலப்பக்கம் மேலே சுருக்கென்று வலித்தால் அசட்டை செய்யாதீர்கள். எடை மளமளவென்று குறையும்போது பித்தப்பையில் கல் உண்டாகலாம். மாதவிலக்கு மூன்று மாதம் வராவிட்டால் கட்டாயம் மருத்துவரிடம் போங்கள். தேவைக்குக் குறைவாக உண்டு அதிகமாகப் பயிற்சி செய்கிறவர்களின் எலும்பும் இதயமும் மாதவிலக்கும் ஒருசேரப் பாதிக்கப்படுவதை 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு தனி நோய்க்கூறாகவே பெயரிட்டு அறிவித்தது. பயிற்சியாளரும் மருத்துவரும் சுற்றி நிற்கும் விளையாட்டு வீரர்களுக்கே அந்த நிலை என்றால், மாடியில் தனியாக நிற்கும் உங்களுக்கு யார் காவல்?

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் சாப்பாட்டைக் குறைத்துவிட்டுக் கடும் பயிற்சி செய்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், 18 வயது நிறையாதவர்கள், இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றினால், சோற்றைப் பார்த்தாலே அச்சம் வந்தால், அது மனம் கேட்கும் உதவி. அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416, கூச்சப்படாமல் அழையுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். கல்யாண வீட்டில் பார்த்த பெண்ணிடம் முதல் கேள்வியாக "என்னம்மா இப்படிக் குண்டாயிட்டே" என்று கேட்காதீர்கள். உங்களுக்கு அது ஒரு விசாரிப்பு. அவள் அதை வீட்டுக்குச் சுமந்து போய் அன்றிரவு சாப்பாட்டைத் தள்ளிவைக்கிறாள். கணவர்களே, மனைவி மாடியில் குதிக்கும் அந்த அரை மணி நேரம் நீங்கள் அடுப்படியில் நில்லுங்கள். முட்டையை அவித்து வையுங்கள். அவள் கீழே வரும்போது தட்டில் சூடாக இட்லி இருக்கட்டும். போனில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் தம்பி தங்கைகளே, குதிக்கச் சொல்லும் வாயால் சாப்பிடவும் சொல்லுங்கள். உங்கள் பேச்சைக் கேட்டு ஓர் உடம்பு வதைபட்டால் அதில் உங்களுக்கும் பங்குண்டு.

மாடியில் சரிந்து உட்கார்ந்த பிள்ளையின் சில்லிட்ட கை இன்னும் என் கையில் இருக்கிறது. எடை குறையட்டும், ஆறு மாதம் ஆகட்டும், ஒரு வருடம்கூட ஆகட்டும். குறைந்த எடையைக் கொண்டாட ஆள் நலமாக இருக்க வேண்டும். நாளை முதல் என்று தள்ளிப் போடாதீர்கள். உங்களை உழைத்துச் சுமக்கும் உடம்புக்கு அதன் கூலியை இன்றே கொடுங்கள். இன்று இரவு சாப்பிடாமல் படுக்காதீர்கள்.